கண்டெய்னர் வீடு ஏன் குளிர்கிறது?

மார்கழிக் காலையில் மைசூரில் இரும்பு கேட்டைத் தொட்டால் ஜில்லென்கிறது; பக்கத்து மரக்கதவு அப்படியில்லை. இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றுதான்! இரும்பு கைச்சூட்டை விரைந்து இழுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

ஊட்டியில் நிறுத்த கண்டெய்னர் போன்ற ஆயத்த வீடு வாங்குகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை இருக்கும். அதன் நுண்ணறைகளில் அடைபட்ட வாயு வெப்பத்தைத் தடுக்கும். ஆனால், இரும்புச் சட்டம் உள்ளிருந்து வெளியே நேராக ஓடினால்? நுரையைவிடச் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தை அது கடத்திவிடும். அந்தக் கோட்டில்தான் சுவர் வியர்க்கும், பூஞ்சை பிடிக்கும்.

அண்டார்க்டிகாவில் 2012-இல் திறந்த நமது பாரதி ஆய்வு நிலையம் 134 கண்டெய்னர்களால் ஆனது. இரும்பு வழியே வெப்பம் கசியாதிருக்க, வெளியே மொத்தமாக ஒரு வெப்பக்காப்பு உறை.

நுரையின் தடிமனை மட்டும் கேட்காதீர்கள். மூலைகளில் அது அறுபடாமல் தொடர்கிறதா என்று குனிந்து பாருங்கள்.