10 நாள் 'மிஷன் ட்ரிப்'... வெளிநாட்டுக்குப் போய் பல் பிடுங்கும் டாக்டர்கள்: உதவியா, உபத்திரவமா? பசுமலை சொல்லும் 190 வருஷக் கதை

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்குப் பசுமலை தெரியும். குன்று, பழைய பள்ளிக்கூடம், சர்ச், மரங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் 1845-ல் இங்கேதான் தங்கள் செமினரியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்களோடு பைபிள் வந்தது, அச்சு எந்திரம் வந்தது, மருந்துப் பெட்டியும் வந்தது.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டு டாக்டர்கள், பல் டாக்டர்கள், நர்ஸுகள், மருத்துவ மாணவர்கள் சர்ச் வழியாகவோ கிறிஸ்தவ அமைப்புகள் வழியாகவோ வெளிநாட்டு முகாம்களுக்குப் போகிறார்கள். ஆப்பிரிக்க கிராமம், தீவு, அகதி முகாம் என்று 1 வாரம், 2 வாரம் இலவச சிகிச்சை கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். இதைத்தான் 'மெடிக்கல் மிஷன் ட்ரிப்' என்கிறார்கள். பல் சிகிச்சையும் சேர்ந்தால் 'மெடிக்கல் அண்ட் டென்டல் மிஷன்'.

நல்ல காரியம்தானே, இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலானோர் இப்படிப் போய்வந்த டாக்டர்கள்தான்.

முதலில் தேவை இருக்கிறதா?

இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. உலகத்தில் சுமார் 350 கோடி பேருக்கு ஏதோ ஒரு வாய், பல் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை கிடைக்காதவர்கள் 500 கோடி பேர் என்று 2015-ல் 'லான்செட்' ஆணையம் கணக்கிட்டது. பல மாவட்டங்களுக்குச் சேர்த்து ஒரே ஒரு பல் டாக்டர் இருக்கும் நாடுகள் இன்னமும் உள்ளன. பல்வலியோடு மாதக்கணக்கில் தூங்காமல் இருக்கும் ஒருவருக்கு, அந்தப் பல்லைப் பிடுங்கிவிடும் கை எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது முக்கியம் இல்லை.

அதனால்தான் பெரிய அமைப்புகளே இதற்காக இயங்குகின்றன. 1978-ல் தொடங்கிய 'மெர்சி ஷிப்ஸ்' கப்பலையே ஆஸ்பத்திரியாக்கி ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நிறுத்துகிறது. அதில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவைக்கூட தன்னார்வலர்களே கட்டும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது.

மதுரைக்கு வந்தவர்கள் என்ன செய்தார்கள்?

இந்த விவகாரத்தைப் புரிந்துகொள்ள மதுரையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் தொடங்கியது. ஆரம்பித்தவர்கள் நேராக அமெரிக்காவிலிருந்து வரவில்லை. ஏற்கெனவே யாழ்ப்பாணத்தில் வேலை செய்துகொண்டிருந்த மிஷனரிகள்தான் மதுரைக்கு வந்தார்கள். தமிழ் தெரிந்தே வந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1837-ல் ஜான் ஸ்டீல் என்ற டாக்டர் வந்தார். 5 வருஷத்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். அந்தக் காலத்தில் 'மிஷன்' என்றால் பலருக்கு ஒரு வழிப் பயணம்தான்.

பிறகு வந்த எட்வர்ட் செஸ்டர் 1859 முதல் திண்டுக்கல்லில் வேலை பார்த்தார். 1902-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 40 வருஷத்துக்கும் மேல்! மதுரையில் 1885-ல் பாலின் ரூட், 1895-ல் ஹாரியட் பார்க்கர் என்று பெண் டாக்டர்கள் வந்தார்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துப்போன பெண்கள் இருந்த காலத்தில், இந்த வருகை எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. 1888-ல் வந்த ஃபிராங்க் வேன் ஆலன் ஆண்களுக்கான ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பினார். அந்தக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் உள்ளூர் இந்துப் பிரமுகர்கள் முக்கியமானவர்கள். கீழவெளி வீதியில் மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் இயங்குகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்கள் வைத்தியம் பார்க்க மட்டும் வரவில்லை. மதம் பரப்பத்தான் வந்தார்கள், மருந்து அதற்கு ஒரு வாசல். சீட்டு வாங்கக் காத்திருக்கும் நோயாளிகளுக்குப் பிரசங்கம் செய்வது அன்றைய மிஷன் மருந்தகங்களில் வழக்கம். அவர்களே அறிக்கைகளில் இதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு அதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் அவர்கள் வந்து தங்கினார்கள், ஊர்ப் பேச்சைக் கற்றார்கள், போகும்போது ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுப் போனார்கள். 10 நாள் பயணத்தை அளக்க வேண்டிய கோல் இதுதான்.

யாழ்ப்பாணத்து கிரீன் டாக்டர் போட்ட கணக்கு

இன்னும் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தினார். எவ்வளவு நோயாளிகளைத் தானே பார்த்தாலும் தீராது என்று அவருக்கு சீக்கிரமே புரிந்துவிட்டது. உள்ளூர் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்.

முதலில் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுவார்கள், தமிழில் படித்தவர்கள் ஊரிலேயே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதனால் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பாடப் புத்தகங்கள் தமிழில் வந்தன. 60-க்கும் மேற்பட்ட டாக்டர்களை உருவாக்கிவிட்டு 1873-ல் ஊர் திரும்பினார். தமிழில் மருத்துவப் படிப்பு சாத்தியமா என்று நாம் இன்னும் விவாதம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது தனிக் கதை.

சரி, 10 நாள் பயணத்தில் என்ன பிரச்னை?

ஒரு பல்லை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முகாமில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கப்படுகிறது. மரத்துப்போக ஊசி, 15 நிமிஷம், வேலை முடிந்தது. நோயாளி கும்பிட்டுவிட்டுப் போகிறார். சிலருக்குப் பிடுங்கிய குழியில் ரத்தக்கட்டு நிற்காமல் போய், 2 முதல் 4 நாள் கழித்து உயிர் போகிற வலி வரும். அப்போது குழு அடுத்த கிராமத்தில் இருக்கும், அல்லது விமானத்தில் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர் என்றால் இன்னும் சிக்கல். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கக்கூட மொழி தெரியாது. மொழிபெயர்க்க வந்த பள்ளிக்கூடப் பையனுக்கு 'ஹார்ட் வால்வு' என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாது.

அடுத்தது கருவிகள். ஒரு நாளில் 80, 100 பேரைப் பார்க்கும் முகாமில் இடுக்கிகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் போதாது. சாதாரணக் கொதிநீர் எல்லாக் கிருமி வித்துகளையும் கொல்லாது. 121 டிகிரியில், அழுத்தத்தோடு நீராவி வேண்டும். கரன்ட் இல்லாத ஊரில் அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவ் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் 100 பேர் என்பது பல சமயம் 40 ஆகிவிடும். 'இன்று 100 பேருக்கு சிகிச்சை' என்று போட்டோ போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: எத்தனை செட் இடுக்கி கொண்டுபோனீர்கள்?

மூன்றாவது, யார் கையில் இடுக்கி? இங்கே படிக்கும்போது மேற்பார்வை இல்லாமல் தொட விடாத வேலையை, அங்கே ஏழைகள் என்பதால் மாணவர்கள் செய்துபார்ப்பது நடக்கிறது. இது சேவை ஆகாது, அடுத்தவன் வாயில் பயிற்சி எடுப்பது. உகாண்டாவில் மருத்துவப் படிப்பே இல்லாத ஒரு அமெரிக்க இளம்பெண் நடத்திய ஊட்டச்சத்து மையத்தில் குழந்தைகள் இறந்ததாக, 2019-ல் தாய்மார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். குற்றச்சாட்டை அந்தத் தரப்பு மறுத்தது. 2020-ல் பொறுப்பு எதையும் ஏற்காமலேயே வழக்கு சமரசத்தில் முடிந்தது. 'நல்ல மனசு' லைசென்ஸ் ஆகிவிடாது என்ற விவாதம் உலகம் முழுக்க சூடு பிடித்தது அப்போதுதான்.

நன்கொடை மருந்துகளும் தலைவலிதான். அந்த நாட்டுக்குப் போய்ச் சேரும்போது குறைந்தது 1 வருஷமாவது காலாவதி பாக்கி இருக்க வேண்டும், அங்குள்ளவர்களுக்குப் புரியும் மொழியில் லேபிள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மீதமான சாம்பிள் மாத்திரைகளை சூட்கேஸில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோவது உதவி ஆகாது.

அப்படியென்றால் போகவே கூடாதா?

போகலாம். எப்படிப் போகிறார்கள் என்பதுதான் விஷயம். அழைப்பு அங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். குழு கிளம்பிய பிறகு நோயாளியைப் பார்க்க அங்கே ஒரு டாக்டரோ நர்ஸோ இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஒரே ஊருக்குப் போனால் பலன் தெரியும். ஆண்டுக்கொரு நாடு என்று சுற்றினால் அதற்குப் பெயர் சுற்றுலா.

பல் மருத்துவத்தில் இன்னொரு நல்ல செய்தி உண்டு. டிரில், கரன்ட் எதுவும் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் உருவானது. அதற்குப் பயன்படும் கிளாஸ் அயனோமர் சிமென்ட், சொத்தையை நிறுத்தும் சில்வர் டைஅமைன் ஃப்ளூரைடு ஆகிய இரண்டும் 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. இதை உள்ளூர் நர்ஸுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வரலாம். 10 நாளில் 400 பல் பிடுங்குவதைவிட, 4 நர்ஸுகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது பெரிய வேலை. ஆனால் போட்டோவில் நன்றாக வராது!

கிளம்பும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

போகும் நாட்டின் மருத்துவக் கவுன்சிலில் தற்காலிக அனுமதி வாங்கியாக வேண்டும். 'முகாம்தானே' என்று டூரிஸ்ட் விசாவில் போய் ஊசி போட்டால் சட்டப்படி மாட்டிக்கொள்ள நேரிடும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்த் திரும்புபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது தனிமைப்படுத்தலில் உட்கார வேண்டியதுதான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி கட்டாயம். ஊசி கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரையும் மறக்கக் கூடாது.

வெளிநாட்டுக் குழு இங்கே வருவதற்கும் விதிகள் உண்டு. வெளிநாட்டு டாக்டர் இந்தியாவில் சிகிச்சை கொடுக்க தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிகப் பதிவு வேண்டும். மதப் பணிக்கு மிஷனரி விசா தனி. டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசங்கம் செய்ய அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு அவசியம்.

சிகிச்சைக்கும் ஜெபத்துக்கும் இடையே கோடு எங்கே? நோயாளி கேட்டால் ஜெபிக்கலாம். கூட்டத்தில் உட்கார்ந்தால்தான் டோக்கன் என்றால் அது வற்புறுத்தல். வலியில் துடிப்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. இதை ஏற்கும் கிறிஸ்தவ டாக்டர்களே நிறைய பேர்.

வெளிநாடுதான் போகணுமா?

வேலூர் சி.எம்.சி.யில் சர்ச் ஸ்பான்சரில் படிப்பவர்கள், முடித்ததும் 2 வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். வெளிநாட்டு மிஷன்கள் விட்டுப்போன வட இந்திய ஆஸ்பத்திரிகளை நடத்த 1970-ல் தொடங்கியதுதான் இம்மானுவேல் ஹாஸ்பிடல் அசோசியேஷன். நேபாள எல்லையில் பீகாரின் ரக்சவுலில் உள்ள டங்கன் ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் தமிழ் டாக்டர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை, இந்தி கற்றுக்கொள்ளும் பொறுமைதான் தேவை.

பசுமலையில் 1881-ல் கல்லூரி வகுப்பாகத் தொடங்கி, பிறகு மதுரை நகருக்குள் போனதுதான் அமெரிக்கன் கல்லூரி. அங்கே படித்த ஒருவர், டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அது மத அமைப்பு அல்ல. ஆனால் முகாம் நடத்துவது எப்படி என்று உலகத்துக்கே பாடம் நடத்துகிறது. கிராமத்தில் பரிசோதனை மட்டும், ஆபரேஷன் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிவந்துதான், பிறகு மறுபரிசோதனைக்கும் ஆள் போகும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைக் கற்றுக்கொள்ள மதுரைக்கு வருகிறார்கள்.