பதில் சொல்லவில்லை என்றால் திமிரா?

ஆலங்குளத்தில் ராஜபாளையம் பேருந்து ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எங்கப்பா போகணும்?" என்று கண்டக்டர் கேட்கிறார். முன் சீட்டு இளைஞர் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மறுபடி கேட்டதும், "எங்கப்பா போகணும்" என்று அதையே திருப்பிச் சொல்கிறார். "நக்கலப் பாரு" என்கிறார் பக்கத்தில் ஒருவர். உங்களுக்கும் அப்படித்தானே தோன்றும்?

அவர் ஆட்டிசம் உள்ளவராக இருக்கலாம். ஆட்டிசம் நோய் அல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு. சிலருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசுவது சிரமம். கேட்டதையே திருப்பிச் சொல்வது கேலி இல்லை. கேள்வியை உள்வாங்கும் வழியாக இருக்கலாம். பேருந்தில் இது மனவருத்தத்தோடு முடிந்துவிடும். காவல் நிலையத்திலோ மருத்துவமனையிலோ "பொய் சொல்றான்", "ஒத்துழைக்கல" என்று முடிவு கட்டிவிட்டால் பாதிப்பு பெரிது.

தவறு யார் பக்கம்?

புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-ல் எழுதினார் பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். 2020-ல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வும் இதையே காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் தகவலைச் சரியாகவே கடத்தினார்கள். இரு தரப்பும் கலந்த குழுக்களில்தான் அதிகம் விடுபட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால், பிரிவு 92-ன்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

அடையாள அட்டை பெற

உங்கள் வீட்டில் ஆட்டிசம் உள்ளவர் இருந்தால், மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் மொபைலிலேயே விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதனை முடிந்ததும் தனித்துவ அடையாள அட்டை கிடைக்கும். பேச முடியாத நேரத்தில் அந்த அட்டையை நீட்டினாலே போதும். உதவி தேவைப்பட்டால் விருதுநகரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

• ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கேட்டபின் பத்து விநாடி பொறுங்கள்.
• குரலை உயர்த்தாதீர்கள். அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.
• "கொஞ்சம் இருங்க" வேண்டாம். "பத்து நிமிஷம் ஆகும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
• மொபைலில் டைப் செய்து காட்டச் சொல்லலாம்.
• கூட வந்தவரிடம் மட்டும் பேசாமல், அவரிடமும் பேசுங்கள்.

அந்தப் பத்து விநாடி பொறுத்திருந்தால், "ராஜபாளையம்" என்று அவரே சொல்லியிருப்பார்.