கதை முடிந்தும் காதில் ஒலிக்கும் பேச்சு!
குள்ள மனிதர் கதையில் ஒரு பேராசிரியர் சொன்ன பெரிய விஷயங்கள்

சில கதைகள் புத்தகத்தை மூடியதும் மறந்து போகும். சில கதைகளில் வரும் பேச்சு மட்டும் மனத்தை விட்டுப் போகாது. துன்பம் வரும் வேளையில் அது தானாக நினைவுக்கு வரும்.

அப்படிப்பட்ட பேச்சுகள் நிறைந்த ஓர் ஆங்கில மாயக் கதை, 'தி லார்ட் ஆப் தி ரிங்ஸ்'. 'மோதிரங்களின் அதிபதி' என்று பொருள். 1954, 1955-ம் ஆண்டுகளில் 3 பாகங்களாக வெளிவந்தது. எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

வெற்றுத் தாளில் பிறந்த கதை

டோல்கீனுக்கு 4 பிள்ளைகள். குடும்பச் செலவுக்காக அவர் கோடை விடுமுறையில் பரீட்சைத் தாள்களைத் திருத்துவது வழக்கம். ஒரு நாள் ஒரு மாணவனின் தாளில் ஒரு பக்கம் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தது.

அந்தப் பக்கத்தில் அவர் ஒரே ஒரு வரி எழுதினார். தரைக்குள் வளை தோண்டி வாழும் 'ஹாபிட்' ஒன்றைப் பற்றிய வரி அது. ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது!

பிறகு யோசித்து யோசித்துக் கதை வளர்த்தார். ஹாபிட்டுகள் குள்ள மனிதர்கள். காலில் ரோமம் உண்டு. செருப்பு அணிய மாட்டார்கள். நல்ல சாப்பாடும் தோட்ட வேலையும் அவர்களுக்கு உயிர். சண்டை என்றால் ஆகாது.

'தி ஹாபிட்' என்ற அந்தக் கதையின் கையெழுத்துப் பிரதி பதிப்பாளரிடம் போயிற்று. அவர் அதைத் தம் 10 வயது மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நல்ல கதை என்று பையன் எழுதிக் கொடுத்தான். அதற்குக் கூலி ஒரு ஷில்லிங். 1937-ல் புத்தகம் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக எழுதத் தொடங்கியதுதான் மோதிரக் கதை.

கெட்ட காலம் வந்தால்?

பொல்லாத அரசன் ஒருவன் செய்த மாய மோதிரம், பிரோடோ என்ற ஹாபிட்டின் கைக்கு வந்து சேருகிறது. அதை வைத்திருப்பவன் மனம் கெட்டுப் போகும். அது உருவான எரிமலையிலேயே அதைப் போட்டு அழிக்க வேண்டும். போகும் வழியெல்லாம் ஆபத்து.

இந்தக் கொடுமை என் காலத்திலா வர வேண்டும் என்று பிரோடோ வருந்துகிறான். காண்டால்ப் என்ற முதிய மந்திரவாதி அவனுக்குப் புத்தி சொல்கிறார். எந்தக் காலத்தில் பிறப்பது என்பது யார் கையிலும் இல்லை. கிடைத்த காலத்தில் என்ன செய்வது என்பதே அவரவர் கையில் இருக்கிறது என்பது அதன் சாரம்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு அல்ல. டோல்கீன் 4 வயதில் தந்தையை இழந்தவர். 12 வயதில் தாயையும் இழந்தவர். 1916-ல் கல்யாணம் ஆன சில மாதங்களில், பிரான்சு நாட்டில் சோம் போர்க்களத்துக்குப் போனார். அந்தப் போரின் முதல் நாளில் மட்டும் 19,000-க்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள்.

டோல்கீனும் அவருடைய பள்ளித் தோழர்கள் மூவரும் இணைபிரியாத நண்பர்கள். நால்வரில் இருவர் 1916-லேயே உயிர் இழந்தார்கள். டோல்கீன் காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பியதால் பிழைத்தார்.

இரக்கத்தின் பலன்

இன்னொரு பேச்சும் மறக்க முடியாதது. கோல்லம் என்ற ஈனப் பிறவி, மோதிரத்துக்காக எதையும் செய்யத் துணிந்தவன். பிரோடோவின் உறவினர் பில்போ அவனைக் கொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தும் இரக்கப்பட்டு விட்டுவிட்டார். அப்போதே கொன்றிருக்கலாமே என்கிறான் பிரோடோ.

போன உயிரைத் திருப்பித் தர முடியாதவர்கள் சாவுத் தீர்ப்புச் சொல்ல அவசரப்படக் கூடாது என்று காண்டால்ப் கண்டிக்கிறார்.

முடிவில் நடப்பது என்ன? எரிமலையின் விளிம்பில் நிற்கும்போது பிரோடோவின் மனமே மாறிவிடுகிறது. மோதிரத்தைப் போட மறுக்கிறான்! அப்போது கோல்லம் பாய்ந்து, அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறான். கால் தவறி மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். அன்று காட்டிய இரக்கம், கடைசியில் உலகத்தைக் காப்பாற்றுகிறது.

தோட்டக்காரன் சாம்

பெரும்பாலான வாசகர்களுக்குப் பிடித்தவன் சாம். பிரோடோவின் தோட்டக்காரன். மலை ஏற முடியாமல் எஜமானன் சுருண்டு விழுகிறான். மோதிரச் சுமையை வேறொருவர் வாங்க முடியாது. சுமையைத் தாங்க முடியாவிட்டாலும், சுமப்பவரைத் தூக்கலாமே என்று சொல்லி, சாம் அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கிறான்.

போர்க்களத்தில் தமக்கு ஏவல் செய்த சாதாரணச் சிப்பாய்களை நினைத்தே சாமைப் படைத்ததாக டோல்கீன் கூறியிருக்கிறார். அவர்கள் தம்மைவிட உயர்ந்தவர்கள் என்றும் சொன்னார்.

இரண்டாவது உலகப் போரின்போது, 1944-ல், அவர் மகன் விமானப் படையில் சேர்ந்து தென் ஆப்பிரிக்காவில் இருந்தார். எழுதிய அத்தியாயங்களை எல்லாம் மகனுக்குத் தபாலில் அனுப்பி வைத்தார் தந்தை.

நஷ்டம் வந்தாலும் சரி!

கதை முடியப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒரு ஷில்லிங் வாங்கிய பையன் அதற்குள் வளர்ந்து பதிப்பாளராகிவிட்டார். இந்தப் பெரிய நூலை அச்சிட்டால் 1,000 பவுன் நஷ்டம் வரலாம் என்று கணக்குப் போட்டு, தந்தையைக் கேட்டார். மேதையின் படைப்பு என்று நம்பினால் அந்தப் பணத்தை இழக்கலாம் என்று தந்தை அனுமதி கொடுத்தார்.

நஷ்டம் வரவில்லை. புத்தகம் பல கோடிப் பிரதிகள் விற்றது. 2001 முதல் 2003 வரை 3 சினிமாப் படங்களாகவும் வந்தது. மூன்றாவது படம் 11 ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. இதைப் பார்க்க டோல்கீன் இல்லை. அவர் 1973-ல் தமது 81-வது வயதில் காலமானார்.

மோதிரக் கதையின் கடைசி வரி மிகச் சிறியது. மன்னர்களும் மந்திரவாதிகளும் போன பிறகு சாம் வீட்டுக்கு வருகிறான். அடுப்பில் தீ எரிகிறது. சாப்பாடு தயாராக இருக்கிறது. மனைவி குழந்தையை அவன் மடியில் வைக்கிறாள். திரும்பி வந்துவிட்டதாகச் சொல்கிறான், அவ்வளவுதான்.

போருக்குப் போன தோழர்களில் திரும்பி வராதவர்களை எண்ணிப் பார்த்தவருக்கு, அந்தச் சின்னப் பேச்சின் விலை தெரியும்.