பட்டியலை வைத்திருந்தவர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் போய்வந்த யாரிடம் பேசினாலும் பழைய துணிக் குவியல்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். லாரி லாரியாக வந்து இறங்கி, யாரும் சீந்தாமல், சாலையோரம் வெயிலிலும் பனியிலும் கிடந்த துணிகள். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. துணி அனுப்பியவர்கள் மனதில் எந்தக் குறையும் இல்லை. எங்கே என்ன தேவை என்று அவர்களுக்குச் சொல்லத்தான் முதல் சில நாட்களில் ஆள் இல்லை.

2005 ஜனவரித் தொடக்கத்திலேயே அதற்கு ஒரு வழி பிறந்தது. ஸ்நேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவனங்களுக்கான ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. எந்தக் குப்பத்தில் யார் வேலை செய்கிறார்கள், எந்த ஊருக்கு இன்னும் ஒருவரும் போகவில்லை, எங்கே அரிசி மிஞ்சிக் கிடக்கிறது, எங்கே பாத்திரம் இல்லை என்பதையெல்லாம் எழுதிவைத்து, வருகிறவர்களைத் திசை காட்டி அனுப்புவது அந்த மையத்தின் வேலை. பின்னாளில் பேரிடர் மேலாண்மை பற்றி எழுதியவர்கள் இந்த ஏற்பாட்டை நல்ல முன்மாதிரி என்றார்கள். ஆனால் நிவாரணம் என்றதும் ஊர் நினைவில் நிற்பது படகு கொடுத்தவர்களும் வீடு கட்டிக்கொடுத்தவர்களும்தான். அவர்களை எங்கே போகச் சொல்வது என்று உட்கார்ந்து பட்டியல் போட்டவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

அந்தப் பட்டியல்காரர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தன்னார்வலர்களைத் திரட்டி, பழக்கி, வேலை பிரித்துக் கொடுத்து, அவர்கள் வீடு திரும்பும்வரை கண்விழித்திருக்கிற ஒருங்கிணைப்பாளர்கள். சிலருக்கு அது சம்பள வேலை. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியர்களுக்கு, பாடம் நடத்துவதற்கு மேல் வரும் இன்னொரு பொறுப்பு. 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு அந்தத் திட்டம் தொடங்கியது. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போய் ஏழு நாள் முகாம் நடத்தி, ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வராமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும் கவலை அந்த ஆசிரியருடையதுதான்.

கொரோனாவுக்கு முன்பு இந்த வேலையின் முதல் சொல் ‘வாங்க’ என்பது. சுனாமியிலும் சரி, 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, எத்தனை பேர் வந்தாலும் போதாது. சென்னை முழுகிய அந்த நாட்களில் மீனவர்கள் படகோடு வந்தார்கள், ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் மடிக்கணினியோடு வந்தார்கள். உதவி கேட்பவர்களின் பட்டியலும் உதவி செய்பவர்களின் பட்டியலும் இணையத்தில் ஓடின. மண்டபத்தில் ஒரு பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவார்கள், இன்னொரு பக்கம் போர்வை பிரிப்பார்கள். இரவு பத்து மணிக்கு எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அன்று பார்த்ததைச் சொல்வார்கள். அழுகிறவர்கள் அங்கேயே அழுவார்கள். யார் சோர்ந்துவிட்டார், யாரை நாளைக்கு வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும் என்பதை ஒருங்கிணைப்பாளர் அந்த வட்டத்தில் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அன்றைய பேரிடருக்கு ஒரு தேதி இருந்தது. தண்ணீர் ஏறியது, வடிந்தது. வடிந்த பிறகு வேலை நிறைய இருந்தாலும், உயிர் பயம் போயிருக்கும்.

2020 மார்ச் 25-ல் கொரோனாவால் நாடு அடைபட்டபோது இவை அத்தனையும் தலைகீழாயின. கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, கூட்டமே ஆபத்து என்றானது. மண்டபம் கிடையாது, வட்டம் கிடையாது, டீ கிடையாது. வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். ஏப்ரலில் தனியாரும் அமைப்புகளும் நேரடியாக நிவாரணம் வழங்கக் கூடாது என்று தமிழக அரசு சொல்ல, விஷயம் உயர் நீதிமன்றம்வரை போய், அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு ஒரு சிலர் மட்டும் போய்க் கொடுக்கலாம் என்ற நிபந்தனைகளோடு வழி திறந்தது. இந்த விதிகள் வாரத்துக்கு வாரம் மாறின. அவற்றைப் படித்து, புரிந்துகொண்டு, இருபது வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் எழுதி அனுப்பியது யார்? ஒருங்கிணைப்பாளர்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, நல்ல மனதோடு வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது. தமிழ்நாட்டுத் தொண்டு அமைப்புகளின் முதுகெலும்பு, பணி ஓய்வு பெற்ற ஆண்களும் பிள்ளைகளை வளர்த்து முடித்த பெண்களும். கொரோனா முதலில் குறிவைத்ததும் அந்த வயதைத்தான். சென்னையில் ஒரு சிறிய அமைப்பில் ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் ஒருவரை எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயதான வங்கி ஓய்வாளர் ஒருவருக்கு அவர் போன் போட்டு, “அய்யா, இனிமே நீங்க வெளியே வர வேணாம்” என்றார். மறுமுனையில் கோபம். “சுனாமிக்கு வந்தேன். வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில வந்தேன். இப்ப எனக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றியாம்மா?”

ஒருங்கிணைப்பாளர் வாதாடவில்லை. அன்று மாலையே ஒரு தாளைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினார். அந்த வட்டாரத்தில் தனியாக வாழும் பத்து முதியவர்களின் பெயரும் போன் எண்ணும் அதில் இருந்தன. “தினமும் காலையில இவங்ககிட்ட நீங்க பேசணும். மாத்திரை இருக்கா, சாப்பிட்டாங்களான்னு கேட்டு எனக்குச் சொல்லணும். உங்க வயசுக்காரர் பேசினாத்தான் மனசு விட்டுச் சொல்லுவாங்க.” பெரியவர் ஒரு பழைய டைரியில் கோடு போட்டு, பத்துப் பேருக்கும் பத்துப் பக்கம் ஒதுக்கினார். அவர்களில் ஒரு பாட்டி, மாத்திரை இருக்கிறது என்றே தினமும் சொல்லிவந்தார். “அட்டையைக் கையில எடுத்து எண்ணிச் சொல்லுங்கம்மா” என்று பெரியவர் ஒருநாள் கேட்டபோதுதான், அட்டை காலியாகி நான்கு நாள் ஆகிவிட்டது என்று தெரிந்தது. அன்று மதியம் ஒரு கல்லூரி மாணவன் இரத்த அழுத்த மாத்திரையை அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியடித்து, ஆறடி தள்ளி நின்றான்.

ஒரு முதியவரின் ரோஷத்தைக் காயப்படுத்தாமல் அவரைக் காப்பாற்றி, இன்னொரு முதியவரின் உயிருக்கும் அவரைக் காவல் வைத்த அந்தத் திறமையை நான் பெரிதாக மதிக்கிறேன். இது இரக்கத்தால் மட்டும் வருவதில்லை. வருடக்கணக்கில் மனிதர்களோடு வேலை செய்து பழகியவருக்கே வரும். இதைத் தொழில்திறமை என்றுதான் சொல்ல வேண்டும், அதற்குரிய மரியாதையும் கூலியும் வேண்டும்.

ஆள் திரட்டுவது இந்த வேலையில் எளிய பாதி. பிரிட்டனில் 2020 மார்ச்சில் அரசு 2,50,000 தன்னார்வலர்களைக் கேட்டது. சில நாட்களில் 7,50,000 பேர் பெயர் கொடுக்க, பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பெயர் கொடுத்தவர்களில் ஏராளமானோர் கையில் போனை வைத்துக்கொண்டு, வேலை எதுவும் வராமல் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கேரளம் வேறு மாதிரி யோசித்தது. ஒரு பஞ்சாயத்துக்கு 200 பேர், நகராட்சிக்கு 500, மாநகராட்சிக்கு 750 என்று முதலிலேயே அளவு போட்டு, சுமார் 2,36,000 பேர் கொண்ட சன்னத்த சேனையை அறிவித்தது. அந்த அளவு போட்டதில் ஓர் ஒருங்கிணைப்பாளரின் மூளை தெரிகிறது. எண்ணிக்கை பெரிதாக இருப்பதைவிட, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஓர் ஆள் இருப்பது முக்கியம். நம் ஊரிலும் சென்னை மாநகராட்சி, வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கு மளிகையும் மருந்தும் வாங்கித் தர இளைஞர்களைத் தெருவாரியாகப் பணித்தது.

இரண்டாம் அலைதான் கொடுமை. 2021 மே மாதம். பதினெட்டிலிருந்து நாற்பத்து நான்கு வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசிக்கான அனுமதியே அந்த மே 1-ல்தான் வந்தது. முந்தைய ஆண்டு பெரியவர்களை வீட்டில் உட்காரவைத்து இளையவர்களை அனுப்பிய அதே ஒருங்கிணைப்பாளர்கள், இப்போது ஊசி போடாத பிள்ளைகளை எதை நம்பி வெளியே அனுப்புவது என்று தவித்தார்கள். பல குழுக்கள் தெருவை விட்டுப் போனுக்கு மாறின. படுக்கை எங்கே காலி, ஆக்சிஜன் எங்கே கிடைக்கும் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கூப்பிட்டுக் கேட்டு, விசாரித்த மணியைப் பக்கத்தில் குறித்து, பழைய தகவலை அடித்துவிட்டுப் புதியதைப் போடுவது. பொய்த் தகவல் ஓர் உயிரை ஆம்புலன்ஸில் ஊர் சுற்றவைக்கும் என்பதால், சரிபார்க்காத எண்ணைப் பகிரவே கூடாது என்பது முதல் விதி.

அரை மணி நேரம் போராடிப் படுக்கை பிடித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டால், “இனி வேண்டாம் தம்பி” என்று குரல் வரும். போனை வைத்த பத்தொன்பது வயதுப் பெண்ணோ பையனோ அடுத்த எண்ணை அழுத்த முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். முன்பென்றால் டீ வட்டத்தில் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது முகம் இல்லை. குழுவில் ஒருவர் பதில் போடுவது நின்றுவிட்டால், அதுதான் அடையாளம். நல்ல ஒருங்கிணைப்பாளர்கள் அந்த மௌனத்தைக் கவனித்தார்கள். ஒருவர் தொடர்ச்சியாக இத்தனை மணி நேரத்துக்கு மேல் போன் பிடிக்கக் கூடாது என்று முறை வகுத்தார்கள். இரவு பதினொன்றுக்குக் கூப்பிட்டு, “சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார்கள். அவர்களை அப்படிக் கேட்க மேலே யாரும் இல்லை. சில ஊர்களில் ஒருங்கிணைப்பாளர்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கலெக்டராக இருந்த ஜே. ராதாகிருஷ்ணன் கொரோனாப் பெருந்தொற்றில் தமிழகத்தின் சுகாதாரத் துறைச் செயலாளராக இருந்தார். அன்று கற்ற பாடம் கோட்டையில் இப்படி ஒரு தொடர்ச்சி பெற்றது நம் நல்லூழ். தொண்டு அமைப்புகளில் அந்தத் தொடர்ச்சி இல்லை. அன்று பட்டியல் போட்டவர்களில் பலர் திட்டம் முடிந்ததும் சம்பளம் நின்று, வேறு வேலைக்குப் போனவர்கள். ஒவ்வொரு பேரிடரிலும் புதியவர் ஒருவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்.

இன்றைக்கு மாறியிருப்பவை கொஞ்சம் இல்லை. தன்னார்வலரைச் சேர்க்கும்போதே அவருடைய உடல்நிலை, வீட்டில் யார் இருக்கிறார்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுதி வாங்குவது பல குழுக்களில் வழக்கமாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும், இரண்டு வாரம் கழித்துத் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கியபோது, வெளியூரில் இருந்தபடியே போன் வேலையை எடுத்துக்கொண்டவர்கள் கொரோனாவில் பழகியவர்கள். வீட்டைவிட்டு வர முடியாதவரும் தன்னார்வலர்தான் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் நிலைநாட்டிவிட்டன. அந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரரைப் போன்றவர்களுக்கு இது பெரிய கதவு.

மாறாதது பணம். நன்கொடை தருகிறவர், “என் காசு முழுக்க ஏழைக்குப் போகணும், ஆபீஸ் செலவுக்குப் போகக் கூடாது” என்கிறார். சட்டமும் அதே பக்கம் சாய்ந்தது. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதமாக இருந்ததை, பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 2020 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி 20 சதவீதமாகக் குறைத்தார்கள். திட்டங்களை நிர்வகிக்க வைக்கும் ஆளின் சம்பளம் அந்தக் கணக்கில்தான் விழும். பெரிய அமைப்பிடம் நிதி வாங்கிச் சிறிய அமைப்பு வேலை செய்யும் வழியையும் அதே திருத்தம் அடைத்தது. முறைகேடுகளைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஆனால் முதலில் வேலை இழந்தவர்களில் இந்த ஒருங்கிணைப்பாளர்களும் உண்டு. கொரோனா காலத்தில் அரசு அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீடும், அரசே பணியில் அமர்த்திய தன்னார்வலர்கள்வரைதான் நீண்டது. தெருவில் தானாக இறங்கிய குழுக்கள் வெளியே நின்றன. இது தவறு. அடுத்த பேரிடருக்கு முன் திருத்தப்பட வேண்டிய தவறு.

டிசம்பர் 5 தன்னார்வலர் தினம். ஐ.நா. சபை 1985-ல் அறிவித்தது, நம் கல்லூரிகளிலும் கொண்டாடுகிறார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, நவம்பர் 5, தன்னார்வலர்களை வழிநடத்துகிறவர்களுக்கான உலக நாள். 1999-லிருந்து பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். இங்கே அதை அறிந்தவர்கள் குறைவு. பொன்னாடையும் கேடயமும் தந்தால் அவர்கள் மகிழ்வார்கள், தரலாம். ஆனால் அவர்களுக்கு வேண்டியது நிலையான சம்பளம், காப்பீடு, ஒரு பேரிடர் முடிந்ததும் இரண்டு வாரம் ஓய்வு. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு, பாட வேளையில் உண்மையான குறைப்பு. நீங்கள் அடுத்த முறை ஏதாவது ஓர் அமைப்புக்குப் பணம் அனுப்பும்போது, இதிலிருந்து ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதி அனுப்புங்கள்.