ஓய்ந்திருந்த எஞ்சினும் எண்ணெய்க் கசிவும்

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைவிட, ஓடாமல் கிடந்த எஞ்சினே அதிகத் தொல்லை தரும். இது பம்பு செட்டு வைத்திருக்கும் விவசாயிக்கும், விசைத்தறிக் கூடத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கும் நெசவாளிக்கும் தெரிந்த செய்திதான். மழைக்காலம் முழுதும் சும்மா நின்ற எஞ்சினைக் கோடையில் முடுக்கினால், அதன் கீழே மறுநாள் காலையில் கருப்பாக ஒரு வட்டம் தென்படுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று முறையாக ஆராயாமல், கைக்கு வந்த பாகத்தை மாற்றிப் பணத்தை இழப்பவர் பலர். ஆகவே, இந்தச் சோதனையை ஆண்டுதோறும் தவறாமல் செய்ய வேண்டியிருக்கும் ஓர் இடத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

அந்த இடம் வடசென்னையின் இராயபுரத்தை அடுத்த காசிமேடு மீன்பிடித் துறைமுகம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைக் கருதி, தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. முன்பு 45 நாட்களாக இருந்த இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக நீடிக்கப்பட்டது. கடும் வெயிலில், உப்புக் காற்றில், இரண்டு மாதங்கள் எஞ்சின்கள் அசையாமல் நிற்கின்றன. தடை நீங்கும் இரவில் எல்லாப் படகுகளும் ஒருசேரப் புறப்பட வேண்டும். கரையில் கண்டுபிடிக்கப்படாத கசிவு, நடுக்கடலில் எண்ணெய் அழுத்தம் குறைந்து பேரிங் எரிவதில் முடியலாம். வயலில் எஞ்சின் நின்றால் வீட்டுக்கு நடந்து வரலாம். கடலில் நின்றால் வேறொரு படகு வந்து கட்டி இழுக்கும்வரை அலையின் தயவில் கிடக்க வேண்டும்.

ஓய்வு ஏன் கசிவை உண்டாக்குகிறது? காரணங்கள் நான்கு. முதலாவது, சுழலும் தண்டைச் சுற்றியுள்ள ஆயில் சீலின் ரப்பர் உதடு எப்போதும் எண்ணெயில் நனைந்திருக்க வேண்டும். எஞ்சின் நின்றால் எண்ணெய் கீழே வடிந்து, உதடு உலர்ந்து விறைக்கிறது. இரண்டாவது, மூடிகளுக்கு அடியிலுள்ள தக்கைக் கேஸ்கட்டுகள் வெப்பத்தில் காய்ந்து சுருங்குகின்றன. மூன்றாவது, எஞ்சினின் வயிற்றிலுள்ள காற்றை வெளிவிடும் பிரீதர் குழாயில் தூசி அடைகிறது; குளவி கூடு கட்டுவதும் உண்டு. நான்காவது, தகட்டாலான ஆயில் சம்பு ஈரத்தில் துருப்பிடித்து ஊசித் துளை விழுகிறது.

முடுக்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் கசிவு உள்ளது என்பது வெளிப்படை. ஆனால் அளவு கூடியிருந்தால் அதுவே பெரிய அபாயம். எண்ணெய் தானாக வளராது. வேறொன்று அதில் கலந்திருக்கிறது. நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால், பீட் பம்பின் வழியாகவோ நாசிலின் வழியாகவோ டீசல் இறங்கியிருக்கிறது. பாலில் காப்பி கலந்தாற்போல் நிறம் மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒரு துளியைச் சூடான தகட்டில் விட்டால் சடசடவென்று பொரியும். கடல்நீரால் குளிரூட்டப்படும் படகு எஞ்சினில் ஆயில் கூலரின் குழல் அரித்திருக்கலாம். பம்பு செட்டில் லைனரின் அடிவளையம் பழுதாகியிருக்கலாம். இவ்விரு நிலைகளிலும் காரணத்தைக் களைந்து, எண்ணெயை முற்றிலும் மாற்றிய பிறகே முடுக்க வேண்டும். மெலிந்த எண்ணெயுடன் ஓட்டினால் பேரிங்குகள் விரைவில் கெடும்.

அடுத்தது, சுத்தம். அழுக்குப் படிந்த எஞ்சினில் கசிவின் ஊற்றைக் காண்பது இயலாத காரியம். டீசலில் நனைத்த துணியால் முழுதும் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். சந்தேகப்படும் இணைப்புகளின்மேல் சாக்கட்டித் தூளை மெல்லத் தூவுங்கள். கீழே வெள்ளைக் காகிதமோ அட்டையோ விரித்து, எஞ்சினின் முன்பக்கம் பின்பக்கம் எவை என்று அதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கட்டமாகச் சோதிக்கலாம்.

முதற்கட்டம்: ஓரிரவு அப்படியே விடுங்கள். எஞ்சின் ஓடாமலே துளி விழுந்தால், எண்ணெய் மட்டத்துக்குக் கீழுள்ள இடமே குற்றவாளி. டிரெயின் பிளக்கின் செம்பு வாஷர், சம்பின் கேஸ்கட், சம்பின் துருத்துளை ஆகியவற்றைப் பாருங்கள்.

இரண்டாம் கட்டம்: பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். இப்போது மட்டும் கசிந்தால், அழுத்தத்துடன் எண்ணெய் செல்லும் வழிகளில் குறை இருக்கிறது. ஆயில் பில்டரின் மூடி, அழுத்தமானிக்குச் செல்லும் மெல்லிய குழாய், அதன் இணைப்புத் திருகுகள் ஆகியவை இவ்வகையின.

மூன்றாம் கட்டம்: எஞ்சின் நன்கு சூடேறி, பளு ஏற்றி ஓடும்போது பாருங்கள். பிளைவீல் கூட்டின் அடித்துளையிலிருந்து எண்ணெய் சொட்டினால், கிராங்க் தண்டின் பின்பக்கச் சீலோ, கியர் பெட்டியின் முன்பக்கச் சீலோ காரணம். கருத்த எண்ணெய் எஞ்சினுடையது. தெளிந்த நிறத்தில் இருப்பது பெரும்பாலும் கியர் பெட்டியினுடையது.

எக்கட்டத்திலும் ஒரு விதியை மறவாதீர்கள். எண்ணெய் கீழ்நோக்கி ஓடும். விசிறிக் காற்று அதனைப் பின்நோக்கித் தள்ளும். ஆகவே, துளி விழும் இடம் கசியும் இடமன்று. நனைந்த பகுதியில் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ள புள்ளியைத் தேடுங்கள். தலைமூடியில் பிறந்த கசிவு சம்பின் ஓரத்தில் சொட்டுவதைக் கண்டு, சம்பையே கழற்றியவர் உண்டு.

பழுதுபார்ப்பதிலும் வரிசை வேண்டும். செலவில்லாததை முதலில் செய்க. பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே சிறிதளவு புகைக்காற்று கீழே இறங்குவது எஞ்சினின் இயல்பு. பிரீதர் அடைத்திருந்தால் அக்காற்று வெளியேற வழியின்றி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும். ஒரே சமயத்தில் பல இடங்களில் கசிவு தோன்றினால் முதலில் பிரீதரையே சந்தேகியுங்கள். அதனைச் சுத்தம் செய்யக் காசு தேவையில்லை. அடுத்து மூடிகளின் திருகுகளை, எதிரெதிராக, ஒரே சீராக இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் தக்கை நசுங்கித் தகடு வளைந்து கசிவு பெருகும். பின்பக்கச் சீல் சில ரூபாய்ப் பொருள். ஆனால் அதை மாற்றக் கியர் பெட்டியை இறக்க வேண்டும், கூலியோ பன்மடங்கு. உலர்ந்த சீல் சில மணி நேர ஓட்டத்தில் எண்ணெயில் ஊறி மறுபடி படிந்துவிடுவதும் உண்டு. ஆதலால் ஈரம் படர்வதோடு நின்றால் பொறுத்துப் பாருங்கள். துளி நிற்காவிட்டால் மாற்றுங்கள்.

சிறு துளிதானே என்று எண்ண வேண்டாம். விநாடிக்கு ஒரு துளி என்றால் ஒரு நாளைக்கு 86,400 துளிகள். 25 துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர். பத்து நாள் தங்கி மீன்பிடிக்கும் படகில் இது 35 லிட்டராகிறது. அவ்வெண்ணெய் படகின் அடியில் தேங்கும் நீரோடு சேர்ந்து, இறைக்கும்போது கடலில் கலக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிப் பரவிய எண்ணெயையும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெயையும் கண்ட மீனவருக்கு, வலையிலும் மீனிலும் எண்ணெய் ஏறினால் பிழைப்பு என்னவாகும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விவசாயியின் கிணற்றோரத்திலும் இதே விதிதான். வடித்த பழைய எண்ணெயை மண்ணில் கொட்டாமல் கலத்தில் சேர்த்து வைத்துக் கொடுத்துவிட வேண்டும்.

வருமுன் காப்பது இன்னும் எளிது. எஞ்சினை நிறுத்திவைக்கும் முன்பே எண்ணெயை மாற்றுங்கள். பழைய எண்ணெயில் உள்ள அமிலங்கள் உள்பாகங்களை அரிக்கும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை முடுக்கிச் சூடேறும்வரை ஓட்டுங்கள். முடியாவிடில் கையாலாவது சில சுற்றுச் சுற்றுங்கள். பிரீதரின் வாயைத் துணியால் கட்டி, அதனை அவிழ்க்க நினைவூட்டும் சீட்டொன்றை முடுக்கும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு சொல். எஞ்சின் பழுதுக்கென அங்கத்தினர் கடன் கேட்கும்போது, எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில் கசிகிறது என்பதை விண்ணப்பத்திலேயே எழுதி வாங்குவது நலம். இது அங்கத்தினரை மடக்குவதற்காக அன்று. காரணம் தெரியாமல் வாங்கிய கடன், பாகங்கள் மாறியும் கசிவு மாறாமல், வட்டியோடு அவர் தலையிலேயே விழும். ஓரிரவுக் காத்திருப்பும் ஒரு தாள் வெள்ளைக் காகிதமும் அவரை அதிலிருந்து காக்கக்கூடும்.