ஒரே ஒரு இடம்: கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் காத்திருந்த கதை

மரக்காணத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு ஹாக்கி கோல்கீப்பர் என்கிற வேலையைப் பத்தியும், அதை இந்தியாவுக்காக 18 வருஷம் செய்த பி.ஆர். ஸ்ரீஜேஷ் பத்தியும் பார்க்கலாம்.

முதல்ல ஒரு கணக்கு. ஹாக்கியில களத்தில் 11 பேர். ஆட்டம் நடக்கும்போதே எத்தனை தடவை வேணும்னாலும் ஆளை மாத்தலாம். அதனால பெஞ்சுல இருக்கிற ஃபார்வர்டுக்கும் டிஃபெண்டருக்கும் ஒவ்வொரு மேட்ச்லயும் சில நிமிஷமாவது கிடைச்சிடும். கோல்கீப்பருக்கு அப்படி இல்லை. ஒருத்தர் நின்னா பெரும்பாலும் கடைசி வரைக்கும் அவரேதான் நிப்பார். ரெண்டாவது கோல்கீப்பர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும், ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்.

ஸ்ரீஜேஷ் 1988-ல் கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கிழக்கம்பலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 12 வயசுல திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் சொல்லித்தான் கோல்கீப்பர் ஆனார். கோல்கீப்பருக்கு கால் பேட், நெஞ்சுக் கவசம், ஹெல்மெட், கையுறை எல்லாம் வேணும், விலையும் அதிகம். அப்பா வீட்டுப் பசுமாட்டை வித்துத்தான் அந்த கிட்டை வாங்கிக் கொடுத்தார்னு ஸ்ரீஜேஷே பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

2006-ல் சீனியர் அணிக்கு வந்துட்டார். ஆனா இடம் நிலைக்கலை. ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரின்னு அவருக்கு முன்னாடி மூத்தவர்கள் இருந்தாங்க. 2008 ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறலை. 2012 லண்டன்ல 12 அணிகள்ல இந்தியாவுக்குக் கடைசி இடம். அந்த அணியில ஸ்ரீஜேஷும் இருந்தார், ஆனா கேப்டன் சேத்ரியும் கோல்கீப்பர்தான்.

திருப்பம் 2014-ல். இன்சியோன் ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி, எதிரணி பாகிஸ்தான். ஆட்டம் 1-1. ஷூட்-அவுட்டுக்குப் போச்சு. ஷூட்-அவுட்ல அடிக்கிறவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோட ஓடி வருவார், அவருக்கு 8 விநாடிதான் நேரம். கோல்கீப்பர் அவசரப்பட்டுக் கீழே விழுந்தா கதை முடிஞ்சது. எழுந்து நிக்கிற ஒவ்வொரு விநாடியும் அவருக்கு லாபம். ஸ்ரீஜேஷ் ரெண்டு முயற்சிகளைத் தடுத்தார், இந்தியாவுக்குத் தங்கம். அறிமுகமாகி 8 வருஷம் ஆகியிருந்தது.

அதுக்கப்புறமும் நேர்கோடா போகலை. 2016 ரியோவில் கேப்டன், ஆனா காலிறுதியில் தோல்வி. 2017-ல் முழங்கால் காயம், பல மாசம் வெளியே. திரும்பி வந்துதான் டோக்கியோ. 2021 ஆகஸ்ட் 5, ஜெர்மனியோடு வெண்கலப் போட்டி. இந்தியா 5-4 முன்னிலை. கடைசி சில விநாடிகள்ல ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். அதைத் தடுத்தார். 1980-ல் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கினோமே, அதுக்கப்புறம் 41 வருஷம் கழிச்சு ஹாக்கியில் ஒரு ஒலிம்பிக் பதக்கம்.

இந்த எபிசோடுக்குக் காரணம், நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர் அனுப்பின கேள்வி. "அண்ணா, நான் ஸ்கூல் டீம்ல ரெண்டாவது கோல்கீப்பர். வருஷம் பூரா பயிற்சி, மேட்ச் மட்டும் இல்லை. விட்டுடலாமா?"

தம்பி, காத்திருந்தா கட்டாயம் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். அது பொய். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில 16 பேர்ல கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஒருத்தர்தான். 2018-லேயே சீனியர் அணிக்கு வந்த கிரிஷன் பகதூர் பாதக் ரிசர்வ்ல இருந்தார். ஸ்ரீஜேஷோட ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னாடியும் இப்படி ஒருத்தர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கார். ஆனா பயிற்சியில நூத்துக்கணக்கான டிராக்-ஃபிளிக்கை வாங்குறதுல அவருக்கும் பங்கு உண்டு. அதனால "இடம் கிடைக்குமா"ன்னு மட்டும் கேட்காதே. "மேட்ச் இல்லாத நாள்லயும் இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கா"ன்னு கேள். ஆமான்னா இரு. இல்லைன்னா வேற பொசிஷனுக்குப் போறதுல தப்பே இல்லை.

நம்ம உப்பளத்துல வேலை செய்றவங்களுக்கு இது புரியும். உப்பு படியுற நேரத்துல ஒரு மழை வந்தா போச்சு. தண்ணியை வடிய விட்டு மறுபடி பாத்தியைத் தயார் பண்ணணும். கோல் வாங்கின கோல்கீப்பருக்கும் அதுதான் வேலை, அடுத்த பந்துக்குத் தயாராகணும்.

பாரிஸில் ஸ்பெயினை 2-1 என வென்று இன்னொரு வெண்கலம். அதோட ஸ்ரீஜேஷ் ஓய்வு. சீனியர் அணியில அவரோட 16-ஆம் எண் ஜெர்சிக்கும் ஓய்வு கொடுத்துட்டாங்க. அடுத்து ஜூனியர் அணிப் பயிற்சியாளர். 2025 டிசம்பரில் நம்ம சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை காலிறுதி, பெல்ஜியத்தோடு ஷூட்-அவுட் வரை போச்சு. இந்த முறை கோல்ல நின்னது பிரின்ஸ்தீப் சிங். ஸ்ரீஜேஷ் வெளியே நின்னு பார்த்துக்கிட்டிருந்தார். இந்தியா ஜெயிச்சது, கடைசியில வெண்கலமும் வாங்கியது.

உங்க ஊர்ல ஹாக்கி மேட்ச் நடந்தா, ஒரு பத்து நிமிஷம் பந்தை விட்டுட்டு கோல்கீப்பரை மட்டும் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.