பாலம் உடைந்ததைக் கைகாட்டி அறியுமா?

மதுரையில் பஸ் ஏறி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனிக்குப் போகிறவர்கள் சாலையோரக் கைகாட்டி மரங்களைப் பார்த்திருப்பார்கள். "தேனி இந்தப் பக்கம்" என்று அது கை நீட்டி நிற்கும். நடுவே பாலம் உடைந்து போனாலும் நீட்டிய கையை அது மடக்கிக் கொள்வதில்லை. கம்ப்யூட்டர்களுக்குள்ளும் இப்படிக் கைகாட்டிகள் உண்டு. அவற்றில் பிழை நேர்ந்தால், கிராமத்துக் கண் நோயாளி ஒருவர் டாக்டரைக் காணாமலே வீடு திரும்ப நேரிடும்.

கோபுரத்துக்குக் கோபுரம்

டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. அதன் தேனிக் கிளை, சுற்று வட்டாரத்தில் சிறு பரிசோதனை நிலையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார். தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் நோயாளியைக் கண்டு பேசி, முடிவு சொல்வார்.

இதற்கென அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், வீட்டுக்குள் பயன்படும் வை-ஃபை அலையையே நெடுந்தூரம் எட்டச் செய்து ஒரு வலை அமைத்தார்கள். 2008-ல் அவர்கள் வெளியிட்ட விவரப்படி நிலையங்கள் 5, வழிகாட்டிப் பெட்டிகள் 11. மிக நீண்ட இணைப்பு 15 கிலோமீட்டர். ஆறு பெட்டிகள் 24 முதல் 42 மீட்டர் வரை உயர்ந்த கோபுரங்களில் இருந்தன. பஞ்சாலைப் புகைபோக்கியும் ஒரு கோபுரமாக உதவியது!

அந்தப் பெட்டிகளை நடத்தியது லினக்ஸ். 1969-ல் அமெரிக்க பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸைப் பின்பற்றி எழுந்தது அது. ஆகவே இங்கே சொல்லும் வைத்தியம் யூனிக்ஸ் வகை யந்திரங்களுக்குப் பெரும்பாலும் பொதுவானது.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒவ்வொரு யந்திரத்திலும் ஒரு வழிப் பட்டியல் உண்டு. "இந்த வலைக்குப் போகவேண்டிய செய்தியை இந்த வாயிலிடம் கொடு" என்பதே அதன் வாசகம். பட்டியலை யந்திரங்கள் தமக்குள் பேசித் திருத்திக்கொள்வதும் உண்டு. மனிதர் கையால் எழுதி வைப்பதும் உண்டு. கையால் எழுதியதற்கு நிலையான வழி என்று பெயர். எளிது, சிக்கனம், ஆனால் அது கைகாட்டி மரமேதான்.

அதை எழுதும்போது "நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்" என்று யந்திரம் முறையிட்டால், "நீர் சொன்ன வாயில் என் தெருவிலேயே இல்லையே!" என்று பொருள். வாயிலின் எண்ணோ, தெருவின் எல்லையைக் குறிக்கும் நெட்மாஸ்க் எண்ணோ பிழையாயிருக்கலாம். இஃப்கான்ஃபிக் என்ற ஆணை யந்திரத்தின் எண்ணையும் நெட்மாஸ்க்கையும் காட்டும்; அவற்றோடு வாயிலின் எண்ணை ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். எண்கள் சரியானால், யந்திரம் விழித்தெழும்போது வலை அட்டை தயாராவதற்கு முன்பே வழியை எழுத முயன்றிருக்கும். வரிசையை மாற்றினால் தீர்ந்தது.

"ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்" என்று வந்தால் கோப்பைத் தேடி அலைய வேண்டாம். அந்த வழி ஏற்கனவே பட்டியலில் இருக்கிறது என்பதே சேதி. நெட்ஸ்டாட் ஆணைக்குப் பட்டியல் முழுதும் கண்முன் வரும். இருப்பது பழைய வாயிலானால் அதை நீக்கிவிட்டுப் புதியதை எழுத வேண்டும். தொடக்கக் கோப்பிலும் திருத்தாவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் பழைய குறையே மீண்டும் தலைகாட்டும்.

மௌனமே ஆபத்து

எச்சரிக்கையே இல்லாமல் செய்தி நிற்பதுதான் மிகவும் கெட்டது. பட்டியல் சரி; பாலம் போய்விட்டது! அப்போது பிங் என்ற ஆணையால் முதல் வாயில், அடுத்த வாயில் என்று படிப்படியாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எந்தக் கதவு திறக்கவில்லையோ அங்கே கோளாறு. போகும் வழி மட்டும் போதாது. பதில் திரும்பும் வழியும் மறுமுனையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை மறந்து மணிக்கணக்கில் திண்டாடுகிறவர்கள் அநேகர்.

தேனி வட்டாரத்தில் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கிப் பெட்டிகளைப் படுத்தியது. வல்லுநர்களோ கடல் கடந்து இருந்தார்கள். ஆகவே வழிப் பட்டியல் குழம்பினாலும் பக்கத்துப் பெட்டியிலிருந்து நேரே எட்டும்படி ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி அமைத்தார்கள். உள்ளூர் ஊழியர்களையும் பழக்கினார்கள்.

இதுவே நாம் கற்கவேண்டிய பாடம். கைகாட்டியை நட்டுவிட்டால் மட்டும் போதாது. பாலம் நிற்கிறதா என்று போய்ப் பார்க்க ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். யந்திரத்தின் எச்சரிக்கை அவருக்குப் புரிந்துவிட்டால், பரிசோதனை நிலையத்தில் காத்திருக்கும் பாட்டியம்மாளுக்கு டாக்டரின் குரல் கேட்கும்.